தலை தட்டி இரண்டு ஸ்பூன்

பிப்ரவரி 4

டீச்சரம்மாவுக்கு,

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் எழுதினால் மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்தேன் என்பாய்.

இங்கே சேவை செய்ய வருவதற்கு முன் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள் அல்லவா, அதில் 'உங்களுக்குத் தெரிந்த வேலை' என்று ஒரு கட்டம் இருந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் ஃபைலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்தினேன் என்று எழுதினால் எவன் கூப்பிடுவான்? அதனால், 'பாரம்பரிய இந்தியச் சமையல், இருபத்தேழு ஆண்டு அனுபவம்' என்று எழுதிவிட்டேன். சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது. இருபத்தேழு வருஷமாகத் தினம் மூன்று வேளை அனுபவித்தவன்தானே நான்.

இது ஒரு தங்கும் விடுதி. பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே தங்குகிறார்கள். அறுபது பேர். சமையலறை எங்கள் பழைய ஆபீஸ் அளவு இருக்கிறது, ஆனால் வேலை நடக்கிறது. காய்க்கு ஒரு பலகை, மீனுக்கு ஒரு பலகை என்று கலர் கலராக வைத்திருக்கிறார்கள். எல்லோர் தலையிலும் வலை. எனக்கு மேலே முடியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "மீசைக்குப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாள் மேலாளர் அம்மாள். அவள் எதைக் கண்டாலும் ஒரு கம்பியைக் குத்திச் சூடு பார்ப்பாள். வெப்பமானி என்று பெயர் வைத்திருக்கிறேன். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

என் படிவத்தைப் படித்துவிட்டு, 'வாரம் இரண்டு நாள் இந்தியச் சாப்பாடு' என்று அந்த மகராசி பலகையில் எழுதி மாட்டிவிட்டாள். முதல் நாளே மேடை ஏறினேன். நீ கடுகு தாளிக்கும் சத்தம் ஹால் வரை கேட்கும், அது ஞாபகம் இருந்தது. ஆகவே எண்ணெயை ஊற்றினேன், கடுகைப் போட்டேன். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டேன். வரவில்லை. துணைக்கு ஒரு பிடி மிளகாயையும் போட்டுவிட்டு, கழுத்தை நீட்டிக் கடுகு டப்பாவில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்போது வந்தது சத்தம். கூடவே புகை. கூடவே கட்டடம் முழுக்கத் தீ மணி.

அறுபது நோயாளிகளும் போர்வையும் செருப்புமாகக் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் இருமிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரையும் வெளியே அனுப்புறது உங்க ஊர் வழக்கமா?"

போனை நீ எடுப்பதில்லை. பையனிடம் சொன்னால், "அம்மாகிட்ட நீங்களே பேசிக்கங்கப்பா" என்கிறான். கடிதத்தைக் கிழிப்பதற்காகவாவது கையில் எடுப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன். ரசம் எப்படி வைப்பது என்று நாலு வரி எழுதி அனுப்பு. அந்த மதியச் சாப்பாட்டு விஷயத்தை இன்னும் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? ஏதோ சிரிப்புக்குச் சொன்னதுதானே.

இப்படிக்கு,
மீசைக்கு வலை போட்டவன்


பிப்ரவரி 20

வீட்டுக்காரருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

ரசம், எட்டுப் பேருக்கு. புளி அறுபது கிராம், வெந்நீரில் இருபது நிமிடம். கரைத்து வடிகட்டி, மஞ்சள் தூள் கால் ஸ்பூன் போட்டு, கொதி வந்ததிலிருந்து பன்னிரண்டு நிமிடம். கடிகாரம் பார்க்கவும். தக்காளி நான்கு. தோல் சுருண்டு பிரிந்தால் வெந்துவிட்டது. மிளகும் சீரகமும் இரண்டுக்கு ஒன்று. மிக்ஸியில் நான்கு முறை விட்டு விட்டுச் சுற்றவும், ஐந்தாவது முறை வேண்டாம். பருப்புத் தண்ணீர் ஆறு டம்ளர் ஊற்றியபின் கொதிக்க விடக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும். நடுவில் சட்டைப் பொத்தான் அளவு இடம் மீதி இருக்கும்போது அணைக்கவும்.

உப்பு, தூளாக இருந்தால், தலை தட்டி இரண்டு ஸ்பூன். கத்தியின் முதுகால் வழித்துவிடவும். குவியலாக அள்ளக் கூடாது.

தாளிக்க: எண்ணெயின் மேல் கோடு கோடாக நெளிவு தெரிந்த பிறகுதான் கடுகு. முதல் கடுகு வெடித்ததும் மனதுக்குள் ஒன்பது எண்ணவும்.

பெருக்கல் உங்களுக்கு வராது. ஆகவே அறுபது பேருக்கான அளவுகளைப் பின்பக்கம் போட்டிருக்கிறேன்.

'சிரிப்புக்குச் சொன்னது' பற்றி எழுத ஒன்றுமில்லை.


மார்ச் 6

கணக்கு டீச்சரம்மாவுக்கு,

வெற்றி! அறுபது கிண்ணம் ரசம் போயிற்று, ஐம்பத்தெட்டு கிண்ணம் காலியாகத் திரும்பி வந்தது. மீதி இரண்டும் தூங்கிவிட்டவர்களுடையது. கிண்ணம் திரும்பி வரும்போது அதன் அடியைப் பார்த்தாலே போதும், யார் வாய் ஒத்துழைத்தது, யார் வாய் முரண்டு பிடித்தது என்று சொல்லிவிடுவேன். நிபுணன் ஆகிவிட்டேன், தெரியுமா? கைதான் நாள் முழுக்க ஈரத்தில் ஊறி, பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருக்கிறது.

சமையலறையில் என் ஜோடி ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர், தோள் இரண்டும் பீரோ மாதிரி. பேச மாட்டார். உன் கடிதத்தை நான் உரக்கப் படித்து வரிக்கு வரி அவர் பாஷையில் சொல்லச் சொல்ல, கரண்டியும் கையுமாக நின்று தலையாட்டுவார். 'நடுவில் சட்டைப் பொத்தான் அளவு' என்றதும் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பாத்திரத்துக்கு மேலே பிடித்து ஒத்துப் பார்த்தார்! ரசத்துக்குள் விழாமல் இருந்தது வெப்பமானியின் புண்ணியம்.

இன்னொருவரைப் பற்றி எழுத வேண்டும். கடிகாரக்காரர். நாற்பது வருஷம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். தொண்டையில் கட்டி. தீ மணி அன்று 'உங்க ஊர் வழக்கமா' என்று கேட்டாரே, அவர்தான். இந்தியச் சாப்பாட்டு நாளில் பன்னிரண்டரை மணிக்குச் சமையலறை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வர அனுமதி கிடையாது. கடுகு வெடிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் போவார். "எல்லாம் ஒரே சமயத்துல வெடிக்காம ஒண்ணொண்ணா வெடிக்குது பாருங்க. எந்தக் கடிகாரத்துலயும் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல" என்கிறார்.

இதெல்லாம் யாருடைய கைப்பக்குவம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் அடக்கமாகச் சிரித்து வைக்கிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை, கோபிக்காதே. சொன்னால், 'அப்ப நீங்க என்ன பண்றீங்க' என்று அடுத்த கேள்வி வரும்.

உனக்கு ஒரு உண்மை சொல்லட்டுமா. ரசத்தில் பருப்பு இருக்கிறது என்பதே எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். இருபத்தேழு வருஷம் குடித்திருக்கிறேன்!

விழுங்கக் கஷ்டப்படுகிறவர்கள் பாதிப் பேர். கஞ்சியும், தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலும் எழுதி அனுப்பு. கோபம் ஆறிவிட்டதா? ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது போனைப் பார்.

இப்படிக்கு,
ரசவாதி


மார்ச் 23

வீட்டுக்காரருக்கு,

கஞ்சிக்கும் துவையலுக்கும் தனித் தாள் இணைத்திருக்கிறேன். துவையலுக்குப் பருப்பை வறுக்கும்போது, பாதிப் பருப்பு உங்கள் பழைய காக்கிப் பையின் நிறத்துக்கு வந்ததும் இறக்கவும். மீதிப் பாதி வாணலிச் சூட்டிலேயே மாறிவிடும்.

அந்த மதியத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். இரண்டு கடிதத்திலும் கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக உங்கள் ஆபீஸ்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். பன்னிரண்டு பேர். நான் பள்ளிக்கு லீவு போட்டு, விடிவதற்கு முன் எழுந்து, பதினொரு வகை செய்தேன். ஒருவர் சாம்பாரை வாயில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர். நீங்கள் சொன்னீர்கள்: "எங்க வீட்டுல உப்பு ஒரு லாட்டரி சார். விழுந்தா விழும், விழலேன்னா அடுத்த வேளை." பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நான் அப்பளத் தட்டோடு நின்றிருந்தேன். அதோடு விட்டிருக்கலாம். "பள்ளிக்கூடத்துல கணக்கு, வீட்டுல கணக்கே கிடையாது" என்றீர்கள். அதற்கும் சிரித்தார்கள்.

அன்றைக்கு அடுப்பை அணைத்தேன். பதினெட்டு நாள் ஹோட்டல் பொட்டலம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்குச் சேவை செய்யப் போகிறேன் என்று விமானம் ஏறிவிட்டீர்கள். 'போகட்டுமா' என்றுகூடக் கேட்கவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று. வேறு ஊர்ப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜூனில் கிடைக்கும். தனியாகத்தான் போகிறேன். அங்கே ஓர் அறை பார்த்தாயிற்று. இதைப் பையனிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் நானே சொல்லட்டும் என்றான்.


ஏப்ரல் 6

என்னை விட்டுப் போகப் போகிறவளுக்கு,

இப்படி எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்தால் எனக்கே வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று தட்டு ஒன்றை உடைத்தேன். வெப்பமானி, "உடம்பு சரியில்லையா?" என்றாள். "வீடு சரியில்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கம்பியை என் பக்கம் நீட்டாமல் விட்டாளே, அதுவே பெரிது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை உன் துவையல் தாளைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பேசாத டிரைவர் வாயைத் திறந்தார். "உங்க வீட்டம்மா எல்லாம் எழுதுறாங்க. நிறம் எழுதுறாங்க, சத்தம் எழுதுறாங்க, நிமிஷம் எழுதுறாங்க. ருசி பாருன்னு ஒரு எடத்துலயும் எழுதலையே? வாசனை வந்ததும் எறக்குன்னு எழுதலையே?" நான் வழக்கம்போல ஏதோ ஜோக் அடித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று தாளையும் முதலிலிருந்து மனசுக்குள்ளேயே படித்தேன். அவர் சொன்னது சரி. ஓர் இடத்திலும் இல்லை.

அன்று மாலை கடிகாரக்காரர் அறைக்குக் கிண்ணம் எடுக்கப் போனேன். ரசத்தைக் காலி பண்ணியிருந்தார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "தெரியலையே" என்றார். "வைத்தியம் ஆரம்பிச்ச ரெண்டாவது வாரத்துலேர்ந்து வாயில ஒண்ணும் தெரியல. சாவிக்கொத்தைச் சப்புற மாதிரி இருக்கு. இங்க பாதிப் பேருக்கு அப்படித்தான். சொல்லிக்க மாட்டோம்." தன் மனைவியிடமும் அவர் சொல்லவில்லையாம். ஒவ்வொரு ஞாயிறும் அந்தம்மா டப்பாவில் ஏதாவது செய்து எடுத்து வருகிறாள். இவர் 'பிரமாதம்' என்று சொல்லிச் சாப்பிட்டு முடிக்கிறார். "சொன்னா அவ சமைக்கிறதை விட்டுடுவா. அப்புறம் ஞாயித்துக்கிழமை எதுக்கு வருவா?" என்றார்.

கிண்ணத்தோடு பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் உனக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்ததே. அதற்கப்புறம்தான் உப்பு லாட்டரி. அந்த வருஷம்தான் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் நாறியது, நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாய். ஒரு நாள் காஸ் கசிந்தது. நான் ஆபீசிலிருந்து வந்து மூடினேன். "நல்லவேளை, இந்த வீட்டுல ஒருத்தனுக்காவது மூக்கு இருக்கு" என்று சொன்னேன். அதைத் தெருவில் நாலு வீட்டில் போய்ச் சொன்னேன்.

நீ எனக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் சாப்பிடுவாய். நான் கை கழுவி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். நீ எப்படிச் சாப்பிடுகிறாய் என்று இருபத்தேழு வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை.

நான் நினைப்பது சரியா? ஆமாம், இல்லை என்று மட்டும் எழுது.


ஏப்ரல் 22

வீட்டுக்காரருக்கு,

ஆமாம்.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். மூன்று வருஷம் எழுதாததால் கொஞ்சம் சேர்ந்துவிட்டது.

காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள், தலைக்குப் பூ வைத்தேன். பூவில் ஏதோ குறை, பழசு போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் எலுமிச்சை ஊறுகாயை வாயில் வைத்தேன். ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது எனக்குக் காபி என்றால் சூடு. மோர் என்றால் குளிர்ச்சி. சாதம் மெத்தென்று இருக்கும். அப்பளம் என்பது சத்தம். பசி மட்டும் பழையபடி வருகிறது. அதுதான் கொடுமை. பசித்துப் போய் உட்கார்ந்தால், எதிரே தட்டில் ஒன்றும் இல்லை.

தனியாக டாக்டரிடம் போனேன். 'வரலாம், வராமலும் போகலாம்' என்றார். அப்படி ஒரு விடையை என் மாணவி எழுதினால் சுழியம் போடுவேன்.

அன்று மாலை உங்களிடம் சொல்வதாகத்தான் இருந்தேன். காபி போட்டுக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தேன். நீங்கள் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "இது காபியா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று சிரித்தீர்கள். சிரித்து முடிக்கட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தேன். மூன்று வருஷம் ஆயிற்று.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வருத்தப்பட்டிருப்பீர்கள், ஒரு வாரம். பிறகு அதற்கும் ஒரு ஜோக் பிறந்திருக்கும். கல்யாண வீட்டில், ரயிலில், பால்காரரிடம். என் நாக்கு செத்துப் போனதை நான் பன்னிரண்டு பேர் சிரிப்போடு கேட்க வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே கணக்குப் போட்டேன். பழைய சமையல் எல்லாவற்றையும் நிமிடமாகவும் நிறமாகவும் ஸ்பூனாகவும் மாற்றி ஒரு நோட்டில் எழுதினேன். உங்களுக்கு அனுப்புவது அதிலிருந்துதான். பெரும்பாலும் சரியாக வந்தது. அதை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. உப்பில் மட்டும் ஏன் தவறுகிறது என்று ஒரு வருஷம் புரியவில்லை. உப்பு வாங்கி வருவது நீங்கள். ஒரு மாதம் தூள் வரும், ஒரு மாதம் கல் வரும், ஒரு மாதம் பொடிக்கல். ஸ்பூன் அதேதான், உள்ளே போகிற உப்பு வேறு. 'ஒரே உப்பாக வாங்கி வாருங்கள்' என்றேன். "உப்புல என்ன ஜாதி?" என்றீர்கள். அதற்கு மேல் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்த லாட்டரிச் சீட்டை நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள்.

இரக்கப்பட்டு எதுவும் எழுத வேண்டாம். மாற்றல் பட்டியலில் என் பெயர் இருக்கிறது.


மே 5

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். தண்ணீர் பட்டு மை கலைந்துவிட்டது. ஆனாலும் பரவாயில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. 'சிரித்து முடிக்கட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தேன்.' பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த வரி கேட்கிறது.

மன்னிப்புக் கேட்கிற கடிதம் எனக்கு எழுத வராது. ஆபீசில் மற்றவர்களுக்காக நூறு எழுதியிருக்கிறேன். 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று ஆரம்பிக்கும். அதைத் தவிர வேறு ஆரம்பம் தெரியவில்லை.

கடிகாரக்காரர் போய்விட்டார். கடைசியில் கஞ்சிதான் இறங்கியது. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை நான் கிண்ணத்தோடு போனேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "இன்னைக்குச் சத்தம் கேக்கலையே" என்றார். கஞ்சிக்கு ஏது தாளிப்பு? அவர் அறைக் கதவு, நடைக் கதவு, சமையலறைக் கதவு எல்லாவற்றையும் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தேன். டிரைவரும் நானுமாக வெறும் எண்ணெயில் கடுகை வெடிக்க வைத்தோம். வெப்பமானி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். கேட்டாரா, தூங்கிவிட்டாரா, தெரியாது. திங்கட்கிழமை காலையில் படுக்கையை மடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டப்பா கொண்டுவரும் அந்தம்மா அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தாள், டப்பாவோடு. "பழக்கமாயிடுச்சு" என்றாள். வாங்கி நாங்கள் சாப்பிட்டோம். உப்பே இல்லை. அவர் எத்தனை நாளாக அதைப் பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தாரோ. நான் 'பிரமாதம்' என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண்பிள்ளை சமைத்ததைக் குறை சொல்லாமல் விழுங்கினேன். அது உனக்குச் செய்திருக்க வேண்டியது.

போகாதே. ஜூன் பதினைந்தோடு என் வேலை முடிகிறது, பதினேழாம் தேதி வீட்டில் இருப்பேன். இனி அடுப்பு என்னுடையது. ரசம் நான் வைக்கிறேன், கஞ்சி நான் காய்ச்சுகிறேன், துவையல் நான் அரைக்கிறேன். நாலு மாசமாகச் சமையலறையிலேயே வெந்தவன் நான். பழைய ஆள் இல்லை. நீ உட்கார்ந்தால் போதும்.

இப்படிக்கு,
என்ன போட்டுக்கொள்வது என்று தெரியாதவன்


மே 19

வீட்டுக்காரருக்கு,

மாற்றல் ஆணை வந்துவிட்டது. ஜூன் இருபதுக்குள் புதிய பள்ளியில் சேர வேண்டும். வேண்டாம் என்றால் பதினைந்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் பதில் அதற்குள் வந்துவிடும் என்று தபால் நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் மாறிவிட்டதாக எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. உங்கள் வார்த்தைகளை இருபத்தேழு வருஷமாகக் கேட்டவள். நீங்கள் வருத்தப்படுவதும் உண்மையாக இருக்கலாம். அதை வைத்து நான் என்ன செய்ய?

ஆனால் ஒன்றை நம்புகிறேன். அறுபது பேருக்கு, நாலு மாதம், வாரம் இரண்டு நாள் அடுப்பு முன் நின்றிருக்கிறீர்கள். அப்படி நின்றவருக்குச் சில விஷயம் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கும். வைத்துவிட்டு எதிராளி முதல் வாய் எடுக்கும் வரை நிற்கிறோமே, அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்திருக்கும். அது தெரிந்த ஒருவரோடு நான் ஒரு வீட்டில் இருந்து பார்க்கலாம்.

ஆகவே ஒரு நிபந்தனை. நீங்கள் வந்த அன்று ஒரு வேளை முழுச் சமையல் நீங்களே செய்ய வேண்டும். நான் முதலில் உட்காருவேன். நீங்கள் பரிமாறிவிட்டு நிற்க வேண்டும். எனக்கு ருசி தெரியாது. சமைத்தவர் முகம் தெரியும்.

சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அறைக்காரரிடமும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டம்மா நேற்றுக் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் அங்க சமைக்கிறாராமே, நிஜமா?" என்று. ஆமாம் என்று சொன்னேன். சொல்லும்போது சிரிப்பு வந்தது. வந்து ரொம்ப நாள் ஆயிற்று.


ஜூன் 1

உனக்கு,

கடிதம் நேற்று வந்தது. சம்மதம் என்று ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறாய். நாலு தாளில் எழுதினேன். நாலையும் கிழித்தேன். இது ஐந்தாவது. வழியில் இரண்டு ஜோக் வந்தது, அடித்துவிட்டேன்.

நீ அடுப்பு முன் நின்றவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். அது டிரைவர். அவருடைய மனைவி இறந்த பிறகு தானாகவே சமைக்கக் கற்றுக்கொண்டவராம். ரசம் அவர் வைத்தது. கஞ்சி அவர் காய்ச்சியது. ஒன்பது வரை எண்ணியது அவர். உன் தாளை நான் படித்துச் சொன்னேன். பிறகு பின்பக்கத் தொட்டியில் பாத்திரம் கழுவினேன். முதல் நாளோடு என் சமையல் முடிந்தது. இரண்டாம் நாளிலிருந்து எனக்கு அந்தத் தொட்டிதான். உனக்கு எழுதியதில் பொய் என்று ஒரு வரியைக் காட்ட முடியாது, அவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன். அறுபது கிண்ணம் போயிற்று என்றுதான் எழுதினேன். யார் வைத்தது என்று எழுதவில்லை.

முதல் வாய் எடுக்கும் வரை நிற்கிற அந்த நேரத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கிண்ணம் காலியாகித்தான் வரும்.

சம்மதம் என்று எழுதிவிட்டு, விமானத்தில் வரும்போது உன் தாள்களைப் படித்து ஒப்பேற்றிவிடலாம் என்றும் யோசித்தேன். முகம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். ஆகவே மாற்றல் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பதினேழாம் தேதி நான் வருவதற்குள் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டால் மறுபடியும் அதே சாமர்த்தியம் ஆகிவிடும். அடுப்புப் பக்கம் என்னை விடவில்லை என்று நீ நினைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. ஏப்ரல் கடைசியில், உன் பெரிய கடிதம் சட்டைப்பையில் இருந்தபோது, டிரைவருக்கு ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டது. வெப்பமானி என்னிடம் வந்து, "இன்னைக்கு நீங்க வைக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.